நடுவரின் கண்ணும் நொடிக்கு முந்நூறு படமும்

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்பும் கிரிக்கெட் பந்து, மட்டையாளரை எட்ட ஏறக்குறைய அரை நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த அரை நொடியில் நடுவர் பார்க்க வேண்டியிருந்தவற்றை வரிசையாகச் சொன்னாலே மலைப்பாக இருக்கும். முதலில் குனிந்து, வீச்சாளரின் முன்கால் கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். உடனே நிமிர்ந்து, பந்து எங்கே குத்தியது, லெக் ஸ்டம்புக்கு வெளியேயா உள்ளேயா என்று பார்க்க வேண்டும். மட்டையில் உரசியதா என்று காது கொடுக்க வேண்டும். காலில் பட்டிருந்தால், எந்த உயரத்தில், எந்தக் கோட்டில் பட்டது என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: கால் குறுக்கே இல்லாமல் இருந்திருந்தால் பந்து ஸ்டம்பைத் தட்டியிருக்குமா? மற்ற எல்லாம் நடந்ததைப் பற்றிய கேள்விகள். இது நடக்காததைப் பற்றியது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளின் மிச்சப் பாதையைக் கணக்கிடும் இயற்பியல் கணக்கு அது. தாளும் பென்சிலும் இல்லாமல், முப்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும் மைதானத்தில், அதைப் போட்டு முடித்து விரலை உயர்த்த வேண்டும்.

சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்தியாவுக்காக 57 டெஸ்டுகள் ஆடிவிட்டு, 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றவர். பந்தின் பாதையைக் கணிக்க அவரிடம் இருந்தவை இரண்டு கண்களும், ஆஃப் ஸ்பின் வீசி வீசிப் பழகிய கையின் நினைவும்தான். 2004-இல் அவர் ஓய்வு பெற்றபோதும் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கு அவை மட்டுமே துணை. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று கோணங்களில் மறுகாட்சி கிடைத்தது. தீர்ப்புச் சொல்பவருக்கு ஒரே கோணத்தில் ஒரே ஒரு பார்வை. அந்த நிலையில் அத்தனை ஆண்டுகள் பெயர் கெடாமல் நின்ற நடுவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்புதான்.

தொலைக்காட்சி வந்ததும் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் பழைய தொலைக்காட்சி நொடிக்கு 25 படங்களைக் காட்டியது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் போய்விடும். மட்டையில் உரசிய கணம் அந்த ஒன்றரை மீட்டருக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும். ரன் அவுட் விஷயத்தில் மட்டும் அந்தக் கருவி போதுமானதாக இருந்தது. ஓடுகிற மனிதர் நொடிக்கு ஏழு மீட்டர் போனாலும், ஒரு படத்துக்கு 28 சென்டிமீட்டர்தான். அதனால்தான் மூன்றாம் நடுவர் முதலில் ரன் அவுட்டுக்கு வந்தார். 1992 நவம்பரில் டர்பனில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் கோட்டை எட்டினாரா என்பதில் களநடுவருக்கு ஐயம் வந்தது. திரையைப் பார்த்து மூன்றாம் நடுவர் அவுட் என்றார். மறுகாட்சியால் ஆட்டமிழந்த முதல் வீரர் அவர்தான்.

எல்.பி.டபிள்யூ. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கண்ணின் கையிலேயே இருந்தது. கண்ணுக்கு ஐயம் வந்தால் பலன் மட்டையாளருக்கு. இது எழுதாத சட்டம். அதை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பதற்கு 1957-இல் எட்ஜ்பாஸ்டனில் நடந்ததே சாட்சி. வெஸ்ட் இண்டீஸின் சோனி ராமதீன் அப்போது இங்கிலாந்துக்குப் புரியாத புதிர். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் ஒரு வழி கண்டார்கள். மட்டையை ஒளித்து, முன்காலை நீட்டி, காலில் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அன்றைய சட்டமும் நடுவரின் தயக்கமும் கால்காப்புக்குத் துணை நின்றன. இருவரும் சேர்ந்து 411 ஓட்டங்கள் குவித்தார்கள். ராமதீன் அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் 98 ஓவர்கள், அதாவது 588 பந்துகள் வீசினார். எத்தனை முறை கையை உயர்த்தி முறையிட்டிருப்பார்! காலை வெகு தூரம் முன்னால் நீட்டிவிட்டால், பந்து அங்கிருந்து ஸ்டம்பு வரை போகும் பாதையை எந்த மனிதக் கண்ணாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த உறுதியின்மைதான் மட்டையாளரின் கேடயம்.

2001 மே மாதம் லார்ட்ஸில் பாகிஸ்தான் ஆடிய டெஸ்டில், இங்கிலாந்தின் சேனல் 4 தொலைக்காட்சி ஒரு புதுப் படத்தைத் திரையில் காட்டியது. பால் ஹாக்கின்ஸ் உருவாக்கிய ஹாக்-ஐ அது. மைதானத்தைச் சுற்றி ஆறு கேமராக்கள். ஒவ்வொன்றும் பந்தைத் தன் கோணத்தில் படம் பிடிக்கும். ஒரே கணத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து, முக்கோண அளவை முறையில் பந்து வெளியில் எங்கே இருந்தது என்று கணினி கண்டுபிடிக்கும். அப்படிக் கிடைத்த புள்ளிகளைக் கோத்து ஒரு வளைகோடு. காலில் பட்ட இடத்துக்கு அப்பால் அதே கோட்டை நீட்டினால் ஸ்டம்பு. வெங்கட்ராகவன் தலைக்குள் போட்ட அதே கணக்குதான் இது. ஆனால் இப்போது நொடிக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கும் கேமராக்கள் அதற்குப் புள்ளிகளைத் தருகின்றன. பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட நகர்வதில்லை.

இந்தியாவுக்கு இது லேசில் பிடிக்கவில்லை. நடுவரின் தீர்ப்பை இத்தகைய கருவிகளைக் கொண்டு சரிபார்க்கக் கேட்கும் மறுபரிசீலனை முறையை 2008-இல் இலங்கையில் நடந்த தொடரில்தான் முதன்முதலாகச் சோதித்தார்கள். அந்தத் தொடரில் ஆடிய இந்தியா பிறகு பல ஆண்டுகள் அதை ஏற்க மறுத்தது. 2016-இல் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிராகத்தான் மீண்டும் உள்ளே வந்தது. இடையில் 2011 உலகக் கோப்பையில் இரண்டு காட்சிகள். பெங்களூரில் இங்கிலாந்தின் இயன் பெல் காலில் பந்து பட்டது. ஸ்டம்பைத் தட்டும் என்று கணினி காட்டியும் அவுட் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவர் ஸ்டம்பிலிருந்து இரண்டரை மீட்டருக்கும் அதிகமாக முன்னே வந்திருந்தார். இந்திய கேப்டன் தோனி வெளிப்படையாகவே கோபப்பட்டார். மொகாலி அரையிறுதியில் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் பந்தில் டெண்டுல்கருக்கு நடுவர் விரலை உயர்த்தினார். மறுபரிசீலனையில் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போகும் என்று காட்டியதால் அவர் தப்பினார்.

பெல் விஷயத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள், ஆனால் அந்த விதியில் நேர்மையான இயற்பியல் இருந்தது. அளந்த புள்ளிகளில் ஒரு சிறு பிழை எப்போதும் இருக்கும். கோட்டை எவ்வளவு தூரம் நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பிழை விரியும். குத்திய உடனே காலில் பட்டால் கணினிக்குக் கிடைக்கும் புள்ளிகளும் குறைவு. இன்று ‘அம்பயர்ஸ் கால்’ என்று திரையில் வருவதும் இதே காரணத்தால்தான். பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி மட்டும் ஸ்டம்பை உரசும் என்று கணினி காட்டினால், அது தன் பிழை எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே களநடுவரின் சொல்லே நிற்கும். ஒரே பந்துக்கு ஒருநாள் அவுட், மறுநாள் நாட் அவுட் என்பது எரிச்சலூட்டத்தான் செய்கிறது. எனக்கோ, தன்னால் எதுவரை சொல்ல முடியும் என்று கோடு போட்டுக் காட்டும் கருவிதான் நம்பத் தகுந்த கருவி.

ஆட்டமும் மாறிப்போனது. நீட்டிய காலில் பந்து பட்டாலும் ஸ்டம்பைத் தட்டும் என்பதைக் கேமரா காட்டக் காட்ட, நடுவர்களுக்கே துணிவு வந்தது. சுழல் வீச்சாளர்களுக்கு எல்.பி.டபிள்யூ. விக்கெட்டுகள் பெருகின. காலை முன்னே போட்டு மட்டையைப் பின்னால் ஒளிக்கும் ஆட்டம் வழக்கொழிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு மட்டையைக் காலுக்கு முன்னே கொண்டுவரச் சொல்லித் தருகிறார்கள். ராமதீன் அரை நூற்றாண்டு முந்திப் பிறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலில் பட்ட பந்தைப் பற்றிய ஐயம் மட்டையாளருக்குச் சாதகமாக முடிந்தது. காற்றில் போகும் பந்தைப் பற்றிய ஐயம் அப்படி முடியவில்லை. அது ஆட்களைக் குற்றவாளிகளாக்கியது.

பந்து காற்றில் வளைவது பழைய சங்கதி. சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை ஐசக் நியூட்டன் 1672-இல் வெளியான ஒளி பற்றிய கட்டுரையிலேயே போகிற போக்கில் குறிப்பிடுகிறார். சுழலும் பந்தின் வளைவுக்கு இன்று நாம் சொல்லும் பெயர் 1852-இல் அதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸுடையது. ஆனால் வேகப்பந்தின் ஸ்விங் மாக்னஸ் விளைவு அல்ல. அதன் சூத்திரம் தையலில் இருக்கிறது. பறக்கும் பந்தின் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடும். 1904-இல் லுட்விக் பிராண்ட்டில் விளக்கிய எல்லைப் படலம் அது. பளபளப்பான பக்கத்தில் இந்தப் படலம் ஒழுங்காக ஓடி, சீக்கிரமே பந்தை விட்டுப் பிரிந்துவிடும். சாய்ந்து நிற்கும் தையலைக் கடக்கும் பக்கத்தில் படலம் இடறிக் கொந்தளிக்கும். கொந்தளித்த படலம் தோலை இன்னும் கொஞ்ச தூரம் பற்றிக்கொண்டு போய்த்தான் பிரியும். இரண்டு பக்கமும் வெவ்வேறு இடங்களில் பிரிவதால், பந்துக்குப் பின்னால் காற்று ஒரு பக்கமாகத் திருப்பி விடப்படும். எதிர்விசையால் பந்து மறுபக்கம், தையல் காட்டும் திசையில் நகரும். காற்று ஒரு பக்கம் போனால் பந்து மறுபக்கம். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தவிர இதில் மந்திரம் எதுவும் இல்லை.

ஆய்வகம் அளப்பதற்கு முன் இது யாருக்கும் எண்களாகத் தெரியாது. கைகளுக்குத் தெரிந்திருந்தது. பாகிஸ்தானின் சர்ஃப்ராஸ் நவாஸ், பழைய பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபக்கத்தைத் தேய விட்டு, பந்தை எதிர்த்திசையில் வளைத்தார். 1979-இல் மெல்பர்னில் 33 பந்துகளில் ஒரே ஒரு ஓட்டம் கொடுத்து ஏழு விக்கெட்டுகளை அள்ளினார். அந்தக் கலையை அவரிடமிருந்து கற்றவர் இம்ரான் கான்; இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும். இம்ரானோடு இங்கிலாந்தின் உஸ்டர் நகரப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ராபி மேத்தா பிற்பாடு காற்றியக்கவியல் அறிஞரானார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். கிரிக்கெட் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்த அவரும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். வேகம் ஓர் அளவைத் தாண்டினாலோ பந்து சொரசொரப்பானாலோ, இரு பக்கமும் படலம் முன்கூட்டியே கொந்தளித்துவிடும். அப்போது தையல் உதவி செய்வதற்குப் பதிலாகக் கெடுக்கும்: தன் பக்கத்துப் படலத்தைத் தடிமனாக்கிச் சீக்கிரம் பிரிய வைக்கும். திசை தலைகீழாகும். ரிவர்ஸ் ஸ்விங் அதுதான். புதுப் பந்தில் இதற்கு மிகப் பெரிய வேகம் வேண்டும். தேய்ந்த பந்தில் குறைந்த வேகத்திலேயே நடக்கும்.

இந்த விளக்கம் அச்சேறி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1992 கோடையில், வாசிமும் வக்காரும் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 43 விக்கெட்டுகளை வீழ்த்தினார்கள். அங்கே சில பத்திரிகைகள் அவர்களைப் பந்தைச் சேதப்படுத்தும் மோசடிக்காரர்கள் என்றே எழுதின. பந்தைச் சுரண்டியவர்கள் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள், பாகிஸ்தானிலும்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய பந்து எதிர்ப்பக்கம் வளைவதே மோசடிக்குச் சான்று என்று அன்று பேசியதுதான் அநியாயம். 2005 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தின் ஃபிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் அதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஸ்திரேலியாவைச் சாய்த்தபோது அது கலை என்று கொண்டாடப்பட்டது. பந்தின் மேல் ஓடிய காற்று இரண்டு முறையும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டது.

மேகமூட்டமாக இருந்தால் பந்து அதிகம் ஸ்விங் ஆகும் என்பார்கள். சேப்பாக்கத்தில் கடல்காற்றின் ஈரத்தைச் சொல்வார்கள். சோதனைச் சாலையில் காற்றின் ஈரப்பதத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் ஸ்விங்கில் வித்தியாசம் அகப்படவில்லை. வெயில் இல்லாதபோது தரை சூடேறாமல் காற்று அலைபாயாமல் இருப்பது காரணமாகலாம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. மைதானத்தில் தலைமுறைகள் கண்டதை ஆய்வகம் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பந்தைப் பளபளப்பாக்கத் தடவும் எச்சிலுக்கும் ஒரு வரலாறு சேர்ந்துவிட்டது. கொரோனாவால் 2020-இல் பந்தில் எச்சில் தடவத் தடை வந்தது, 2022-இல் அது நிரந்தரமானது, 2025 ஐ.பி.எல். போட்டிகளில் மட்டும் தளர்ந்தது. வியர்வை போதும் என்று வீச்சாளர்கள் சமாளித்துக்கொண்டார்கள்.

இனி முத்தையா முரளிதரன். அசைவை அளப்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் இது.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். கண்டியைச் சேர்ந்த 23 வயதுத் தமிழ் இளைஞர் பந்து வீசுகிறார். நடுவர் டேரல் ஹேர் வீச்சாளர் முனையில் நின்று, அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் சொல்கிறார். பல்லாயிரக்கணக்கானோர் முன்னிலையில், ஒரு வீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அன்று சட்டத்தின் சாரம் இதுதான்: பந்து விடுபடுவதற்குச் சற்று முந்தைய வீச்சில் கை நிமிரக் கூடாது. வளைந்திருப்பது குற்றமல்ல, நிமிர்வதுதான் குற்றம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. வளைந்த கையோடு தோளையும் மணிக்கட்டையும் அவர் அசாதாரண வேகத்தில் சுழற்றுவார். முப்பரிமாணத்தில் நடக்கும் அந்தச் சுழற்சியை ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, வளைந்த கை படக்கென்று நிமிர்வது போலத் தோன்றும். நடுவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண் அவருக்குப் பொய் சொன்னது.

1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் முரளியின் கையைப் பல கோணங்களில் படம் பிடித்து அளந்தார்கள். எறிவது போன்ற மாயத்தோற்றம் என்று முடிவு வந்தது. ஆனாலும் 1999-இல் அடிலெய்டில் மீண்டும் நோ-பால். இலங்கை கேப்டன் அர்ஜுன ரணதுங்க தன் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய்விட்டார். 2004-இல் முரளியின் தூஸ்ரா மீது, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தின் மீது, புகார். இம்முறை பேராசிரியர் புரூஸ் எலியட்டின் குழு அளந்ததில், அந்தப் பந்துக்கு முழங்கை சராசரியாக 14 பாகை நிமிர்வது தெரிந்தது. அப்போது சுழல் வீச்சாளருக்கு அனுமதி 5 பாகைதான். வேகப்பந்து வீச்சாளருக்கு 10. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தொடங்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மற்ற வீச்சாளர்களையும் அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட எல்லோருடைய முழங்கையும் கொஞ்சமாவது நிமிர்ந்தது. கச்சிதமான வீச்சு என்று பெயரெடுத்தவர்களும் விலக்கல்ல. எலும்பும் தசையும் அவ்வளவு வேகத்தில் சுழலும்போது அப்படித்தான் நடக்கும். பதினைந்து பாகைக்குக் கீழே நிமிர்வதைப் பொதுவாகக் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதும் தெரிந்தது. இதை ஆராய சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அமைத்த குழுவில் வெஸ்ட் இண்டீஸின் மைக்கேல் ஹோல்டிங்கும் இருந்தார். முரளியின் வீச்சைக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர். அளவுகளைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்ட நேர்மையாளர். 2005-இல் எல்லோருக்கும் ஒரே அளவாக 15 பாகை வந்தது.

முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நடந்தது வேறு: பழைய சட்டத்தை உள்ளபடி அமல்படுத்தியிருந்தால் வீசுவதற்கு யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். கண்ணுக்கு உறுத்திய ஒருவர் மட்டும் பத்தாண்டுகள் கூண்டில் நின்றார். முழங்கையை அசையவிடாத கட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு கேமரா முன் வீசிக் காட்டும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-ஆவது விக்கெட்டோடு விடைபெற்றார். அளவுகோல் மட்டும் வராமல் போயிருந்தால் அந்த 800 நமக்குக் கிடைத்திருக்காது.

அதே அளவுகோல் மற்றவர்களைப் பிடிக்கவும் செய்தது. 2014-இல் சயீத் அஜ்மலின் கை வரம்பை வெகுவாக மீறுவது தெரிந்து, அவர் வீசத் தடை வந்தது. வீச்சைத் திருத்திக்கொண்டு அவர் மறுசோதனைக்கு வந்த இடம் சென்னை போரூர். ஸ்ரீ ராமச்சந்திரா வளாகத்தில் உள்ள விளையாட்டு அறிவியல் மையம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஒப்புதல் பெற்ற சோதனைக் கூடங்களில் ஒன்று. உடலெங்கும் ஒளி பிரதிபலிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்கள் பார்க்க, வீச்சாளர் ஆறேழு ஓவர்கள் வீசுவார். கணினி உருண்டைகளின் இடத்தை வைத்து முழங்கையின் கோணத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும். டேரல் ஹேருக்குக் கிடைக்காதது இது.

கேமராவுக்கு அடுத்தபடி அசைவை அளக்கும் இன்னொரு கருவி நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் பேருந்தில் நிற்பவர்கள் முன்னால் சாய்வார்கள் அல்லவா, கைபேசிக்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய பாரம் ஒன்று அப்படித்தான் சாய்கிறது. மெல்லிய வில்களில் தொங்கும் அந்தப் பாரம் நகரும் அளவு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் பக்கத்துத் தகடுகளோடு அதற்குள்ள மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றமே முடுக்கத்தின் அளவு. 1990-களில் கார்களின் காற்றுப்பையை மோதல் கணத்தில் விரிக்கத்தான் இது பெருவாரியாக வந்தது. 2007-இல் ஐபோனில் ஏறி, திரையைத் திருப்பிக் கொடுத்தது. 2010-இல் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் சேர்ந்தது. நம் நடையை எண்ணுவதும் வரைபடத்தில் நாம் திரும்பும் திசையைக் காட்டுவதும் இவைதான்.

இதே சில்லு இப்போது வேகப்பந்து வீச்சாளரின் முதுகில், உள்சட்டைப் பைக்குள் இருக்கிறது. முன்காலை ஊன்றும் கணத்தில் அவர் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து ஏறி வருகிறது. முதுகெலும்பில் விரிசல் விழுவது இளம் வீச்சாளர்களின் நெடுநாள் சாபம். முன்பு ‘இன்னும் ஒரு ஓவர் போடு தம்பி’ என்று கேப்டன் கேட்டால் மறுக்க வழியில்லை. இன்று வாரத்துக்கு எத்தனை பந்து, எவ்வளவு தீவிரம் என்று கணக்கு இருக்கிறது, பயிற்சியாளர் நிறுத்தச் சொல்கிறார். எனக்கு இது ஹாக்-ஐயை விடப் பெரிய மாற்றம். விக்கெட் போனால் அடுத்த ஆட்டம் உண்டு, முதுகு போனால் இல்லை. கால்பந்தில் அந்தச் சில்லு பந்துக்குள்ளேயே போய்விட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பைப் பந்தின் நடுவே நொடிக்கு 500 முறை அசைவைப் பதியும் உணரி இருந்தது. உருகுவேக்கு எதிராக ரொனால்டோ தன் தலையில் பட்டதாகக் கொண்டாடிய கோலில், பந்து எந்தத் தொடுதலையும் உணரவில்லை என்று அது சொல்லிவிட்டது.

இயந்திரத்தின் மேல் முழுப் பாரத்தையும் போடுவதிலும் சிக்கல் உண்டு. விம்பிள்டனில் 2025-இல் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டு முழுக்க மின்னணு முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டே மைய அரங்கில் ஓர் ஆட்டத்தின்போது, களத்தின் ஒரு பகுதிக்கான கருவியை யாரோ தவறுதலாக அணைத்துவிட்டார்கள். பந்து வெளியே விழுந்தது, குரல் வரவில்லை, புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார்கள். கோட்டைக் கண் வைத்துப் பார்க்கக் கோட்டு நடுவர் ஒருவரும் அங்கே இல்லை. கண்ணும் கருவியும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கிரிக்கெட்டில் இன்றும் முதல் தீர்ப்பு மனிதருடையது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இவ்வளவும் பெரிய மைதானங்களின் கதை. நம் ஊர்த் திடல்களில் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ. என்பதே கிடையாது, யார் பார்த்துச் சொல்வது என்ற பிரச்சினைக்கு நம் பையன்கள் கண்ட தீர்வு அது. அங்கிருந்துதான் பெரிய ஆட்டத்துக்கு விஷயங்கள் போகின்றன. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். நடுவிரலால் சொடுக்கிப் பந்தைச் சுழற்றும் வித்தை, உலகம் அதைக் கேரம் பால் என்று அறிவதற்கு முன்பே சென்னைத் தெருக்களில் சொடக்குப் பந்தாக ஓடிக்கொண்டிருந்தது. பொறியியல் படித்த அஸ்வின் அதைத் தெரு ஆட்டத்தில்தான் பிடித்தார்.

அந்தத் திடல்களுக்கும் அளவுகோல் வர வேண்டும். மாவட்ட லீக்கில் ஆடும் ஒரு பையனின் கை எறிவது போலத் தெரிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், அவனுக்குப் போரூர் வெகு தூரம். அவன் கதை 1995-இலேயே நிற்கிறது. ஆனால் வேகத்தையாவது அவன் இன்றே அளந்துகொள்ளலாம். நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி பல கைபேசிகளில் இருக்கிறது. ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், இரு முனையும் தெரியும்படி அதை நிறுத்தி, பந்து கையை விட்ட படத்திலிருந்து மட்டையில் பட்ட படம் வரை எண்ண வேண்டும். இடையே தூரம் பதினேழரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 126 படங்கள் வந்தால் 0.525 நொடி, சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். பந்து காற்றிலும் தரையில் குத்தும்போதும் வேகம் இழப்பதால், கையை விட்ட கணத்தில் அவன் பந்து அதைவிட வேகமாகவே போயிருக்கும்.